பானெட்டுக்கு அடியில் இருபது மில்லிமீட்டர்

சின்ன காருக்குள் பெரிய இன்ஜினை இறக்குகிறவர்கள் சப்ஃபிரேம் ஸ்பேசரைப் பற்றி முன்பெல்லாம் தாமாகப் பேச மாட்டார்கள். பானெட் மூடவில்லை, வேறு வழியில்லை, மூலைக்கு ஒரு பேக்கிங் கொடுத்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சப்ஃபிரேமைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டோம் என்று கேட்டால் மட்டும் சொல்வார்கள். ஹைதராபாதில் இன்று நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெக்லஸ் ரோட்டிலோ துர்கம் செருவுப் பக்கமோ வந்து நிற்கும் இன்ஜின் மாற்றிய கார்களில், பானெட்டைத் திறந்து இன்ஜினைக் காட்டுவதோடு விடுவதில்லை. குனிந்து பார்க்கச் சொல்லி, சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே மின்னும் சிவப்பு, நீல அலுமினிய வளையங்களையும் காட்டுகிறார்கள். கூடவே ஒரு வாதமும் வருகிறது: இன்ஜின் கீழே போனால் காரின் ஈர்ப்பு மையம் கீழே போகும், ஆகவே வளைவில் கார் முன்பைவிட நன்றாக நிற்கும். வேறு வழியில்லாமல் செய்த ஒட்டுவேலை இப்போது ஒரு முன்னேற்றமாக விற்கப்படுகிறது. இந்த வாதம் தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆசையில் எந்தக் குறையும் இல்லை. நம் நாட்டுக் கார்களுக்குச் சின்ன இன்ஜின் வாய்த்ததற்குப் பொறியியலைவிட வரியே பெரிய காரணம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்குக் கலால் வரி குறைந்தது. அன்றிலிருந்து தொழிற்சாலைகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே கார் செய்தன. கம்பெனிகளே பழைய உடலில் பெரிய இன்ஜினை வைத்ததும் உண்டு. 1489 சிசி இன்ஜினோடு காலம் தள்ளிய அம்பாசடருக்கு 1992-இல் 1817 சிசி இசுஸு இன்ஜின் வந்தது. 970 சிசியில் ஓடிய ஜிப்ஸி, 1996-இல் 1298 சிசிக்கு மாறி ஜிப்ஸி கிங் ஆனது. உடல் நன்றாக இருக்கிறது, மூச்சு போதவில்லை, மூச்சை மாற்றுவோம் என்று நினைப்பது இயல்பு. ராணிகஞ்ச் கடைத்தெருவில் உதிரிபாகம் தேடி அலையும் இளைஞர்களைப் பார்த்து முகம் சுளிப்பவன் இல்லை நான்.

சிக்கல் உயரத்தில் தொடங்குகிறது. இந்தியாவில் 1998-இல் வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் இன்ஜினில், கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை 207 மி.மீ. 2003-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஏழாம் தலைமுறை அக்கார்டில் இருந்த கே24 இன்ஜினில் அதே அளவு 231.5 மி.மீ. பிஸ்டன் 99 மி.மீ. ஏறி இறங்குகிற இன்ஜின் அது. அந்த நீண்ட ஓட்டத்துக்குப் பிளாக் உயர்ந்தே ஆகவேண்டும். மேலே பானெட் இடிக்கிறது. கீழே சம்ப். பழைய ஹோண்டா இன்ஜினில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் இருந்தது. கே இன்ஜினில் அது ஃபயர்வால் பக்கம் திரும்பிவிட்டதால், குழாய் இறங்கும் வழியில் ஸ்டியரிங் ராக்கும் சப்ஃபிரேமும் குறுக்கே நிற்கின்றன. இன்ஜின் சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கும் கார்களில் ஸ்பேசர் இன்ஜினையே கீழே இறக்குகிறது. இன்ஜின் பாடியிலிருந்து தொங்கும் கார்களில் இன்ஜின் அங்கேயே இருக்க, அதற்கடியிலிருந்து சப்ஃபிரேம் விலகி இடம் விடுகிறது. இரண்டிலும் நாலு வளையம், நாலு நீளப் போல்ட், ஒரு மத்தியான வேலை.

இதன் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். பாடியை வெட்ட வேண்டாம், வெல்டு வைக்க வேண்டாம், பானெட்டில் ஓட்டை போட வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையபடி மாட்டலாம். செலவு சொற்பம். செய்து தருகிற கைகளுக்கும் ஹைதராபாதில் பஞ்சமில்லை. 1943-இல் தொடங்கிய பிராகா டூல்ஸ், எச்எம்டி, எச்ஏஎல், பெல் என்று பொதுத்துறை ஆலைகள் வளர்த்த ஊர் இது. பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968 முதல் ஆட்களைப் பழக்கி அனுப்புகிறது. அந்த வட்டாரத்து லேத்துகளில் ஒரு வளையத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கடைந்து தருவார்கள். நான் பார்த்த ஸ்பேசர்களில் பல, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத வேலை.

பலரும் முதலில் போல்ட்டைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நீளமான போல்ட் இறுக்கும்போது அதிகம் நீளும், அதனால் இறுக்கம் எளிதில் தளராது. இது ஸ்பேசருக்குச் சாதகமான உண்மை. ஆனால் ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்பு முகங்கள் வந்துவிட்டன. இரண்டும் சமமாக இருக்கவேண்டும், எதிலும் பெயின்ட்டோ துருவோ இருக்கக்கூடாது. சப்ஃபிரேமைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் முளைகள் இருந்தால் அவையும் ஸ்பேசரோடு நீளவேண்டும். 10.9 தரப் போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்த்தால் இது தாங்கும். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய மரைக்கம்பியை அறுத்துப் போட்டால் தாங்காது. கவனமாகச் செய்தால் தீர்கிற பிரச்சினை இது, ஆகவே இதோடு விட்டுவிடுகிறேன்.

கவனமாகச் செய்தாலும் தீராத பிரச்சினை வேறு. சப்ஃபிரேம் என்பது இன்ஜினைத் தாங்கும் தட்டு மட்டும் இல்லை. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் உள்முனை அதில்தான் சுழல்கிறது. சக்கரம் எப்படி மேலே போகும், எந்தப் பக்கம் சாயும், வளைவில் காரின் உடல் எவ்வளவு உருளும் என்பதையெல்லாம் அந்த உள்முனை இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. இன்ஜினுக்கு இருபது மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்று சப்ஃபிரேமை இறக்கும்போது அந்தச் சுழல்புள்ளியும் இருபது மில்லிமீட்டர் இறங்குகிறது. சக்கரம் இறங்கவில்லை, ஆர்மின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயிண்ட் பழைய இடத்திலேயே இருக்கிறது. மேலே ஸ்ட்ரட்டின் தலையும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மூன்று புள்ளிகளில் ஒன்றை மட்டும் நகர்த்தியிருக்கிறோம், அதுவும் நகர்த்தக்கூடாத ஒன்றை.

மாருதி 800 தொடங்கி ஸ்விஃப்ட் வரை நம் சின்னக் கார்களில் முன்னால் இருப்பது ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். அதில் உருள்மையம், அதாவது வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எங்கே விழுகிறது என்று ஒரு தாளும் ஸ்கேலும் இருந்தால் வரைந்துவிடலாம். பால் ஜாயிண்டிலிருந்து ஆர்மின் உள்முனை வழியாக ஒரு கோடு. ஸ்ட்ரட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. இரண்டும் காரின் மறுபக்கத்துக்கும் அப்பால் எங்கோ சந்திக்கும். அந்தச் சந்திப்பிலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு. அது காரின் நடுவை எங்கே வெட்டுகிறதோ அதுவே உருள்மையம்.

ஒரு சாதாரணச் சின்னக் காருக்குப் பொருந்தும் அளவுகளை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்களுக்கு நடுவே 1400 மி.மீ. ஆர்மின் நீளம் பக்கவாட்டில் 300 மி.மீ. பால் ஜாயிண்ட் தரையிலிருந்து 180, உள்முனை 200, ஸ்ட்ரட்டின் தலை 800 மி.மீ. உயரத்தில் இருக்க, ஸ்ட்ரட் 80 மி.மீ. உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வரைந்து பார்த்தால் உருள்மையம் தரையிலிருந்து 84 மி.மீ. உயரத்தில் வருகிறது. இப்போது இருபது மில்லிமீட்டர் ஸ்பேசர் போடுங்கள். உள்முனை 180-க்கு இறங்கி ஆர்ம் படுக்கையாகிறது. மறுபடி வரைந்தால் உருள்மையம் 25 மி.மீ.

இருபது மில்லிமீட்டர் இறக்கியதற்கு உருள்மையம் ஏறத்தாழ அறுபது மில்லிமீட்டர் விழுந்துவிட்டது. கார் மாறினால் எண்கள் மாறும், விகிதம் கொஞ்சம் ஏறும் இறங்கும். ஆனால் ஸ்ட்ரட் காரில் சுழல்புள்ளி இறங்குவதைவிட உருள்மையம் வேகமாக இறங்கும் என்பது மாறாது. அந்த முதல் கோடு லேசாகச் சாய்ந்தாலே, தொலைவில் இருக்கும் சந்திப்பு மீட்டர் கணக்கில் ஓடிவிடும்.

ஈர்ப்பு மைய வாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் 1000 கிலோ. இன்ஜின், கியர்பாக்ஸ், அதோடு சேர்ந்து இறங்குகிற இரும்பு எல்லாம் 180 கிலோ என்று தாராளமாகவே வைப்போம். 180 கிலோவை இருபது மில்லிமீட்டர் இறக்கினால் காரின் ஈர்ப்பு மையம் இறங்குவது 3.6 மி.மீ. அவ்வளவுதான். பெருமையோடு சொல்லப்படும் ஆதாயம் மொத்தமும் இந்த மூன்றரை மில்லிமீட்டர். இழப்பு அறுபது. வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம் ஈர்ப்பு மையத்துக்கும் உருள்மையத்துக்கும் இடையிலான தூரம். ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருந்தால் முன்பக்கத்தில் அந்த நெம்புகோல் 466-இலிருந்து 521-க்கு நீள்கிறது. எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான அதிகரிப்பு. அதே வேகத்தில் அதே வளைவில் முன்பக்கம் முன்னைவிட அதிகம் சாய முயலும். அதைத் தாங்க இன்னும் கடினமான ஸ்பிரிங்கோ தடிமனான ஆன்டி-ரோல் பாரோ வேண்டும். ஸ்பேசர் போட்டவரே அடுத்த மாதம் வந்து, முன்பக்கம் கொஞ்சம் மிதக்கிறது, ஸ்பிரிங் மாற்றவேண்டும் என்று சொல்வது இதனால்தான். இன்ஜினின் எடை கூடியதால் மிதக்கிறது என்று நினைக்கிறார்கள். எடைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நெம்புகோலை நீட்டியது வளையம்.

அடுத்து வருவது இன்னும் மோசம். ஹைதராபாதில் இன்ஜின் மாற்றிய காரை யாரும் பழைய உயரத்தில் விடுவதில்லை. குட்டை ஸ்பிரிங் போட்டு முப்பது மில்லிமீட்டராவது தாழ்த்துகிறார்கள். தாழ்த்தும்போதும் உள்முனை பால் ஜாயிண்டைவிடக் கீழே போகிறது. மேலே சொன்ன அதே காரை ஸ்பேசர் இல்லாமல் முப்பது மில்லிமீட்டர் தாழ்த்தினால் உருள்மையம் ஏறக்குறைய தரை மட்டத்துக்கு வந்து நிற்கும். ஏற்கெனவே அது எல்லை. ஸ்பேசரையும் சேர்த்தால் தரைக்கு அடியில் அறுபது மில்லிமீட்டர். உடல் ஒவ்வொரு முறை சாயும்போதும் வெளிச்சக்கரம் மேல்பக்கம் வெளியே சாய்ந்து டயரின் ஓரத்தில் நிற்கும். உள்ளே இருநூறு குதிரைசக்தி இருந்தும் அதைத் தரைக்குக் கடத்த அந்த ஓரம் மட்டுமே மிஞ்சும். பெரிய இன்ஜின் வாங்கியதே வேகத்துக்கு என்றால், வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய பாகத்தைக் கெடுத்துக்கொண்டு வாங்கியிருக்கிறோம்.

இதெல்லாம் ராக் சப்ஃபிரேமோடு சேர்ந்து இறங்குகிற கார்களுக்கு. அவற்றில் ஸ்டியரிங் ஷாஃப்டின் பற்கள் இணைப்புக்குள் அந்த அளவுக்குக் குறைவாகவே நுழைந்திருக்கும். அதை யார் அளந்து பார்க்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. ராக் ஃபயர்வாலில் பூட்டப்பட்ட கார்களில் கதையே வேறு. அங்கே ஆர்ம் மட்டும் இறங்கும், ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு இறங்காது. ஒன்றுக்கொன்று இணையாக ஆடவேண்டிய இரண்டு கம்பிகள் இனி வேறு வேறு வட்டங்களில் ஆடும். முந்நூறு மில்லிமீட்டர் ஆர்மில் இருபது மில்லிமீட்டர் பிசகு என்றால், சக்கரம் ஐம்பது மில்லிமீட்டர் மேலே எழும்போது ஆர்மின் முனைக்கும் டை ராடின் முனைக்கும் பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஸ்டியரிங் ஆர்ம் 120 மி.மீ. நீளம் என்றால் அந்தச் சக்கரம் ஒன்றரை டிகிரிக்கு மேல் தானாகத் திரும்புகிறது. ஓட்டுநர் கையை அசைக்கவில்லை. சாலையில் இருந்த பள்ளம் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் நம் ஊர்ச் சாலையில் அபூர்வமா? இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் சொல்லும் ஒழுங்கான வேகத்தடையே 3.7 மீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. மெஹதிப்பட்டணத்துச் சந்துகளில் இருக்கும் தடைகள் அந்த வழிகாட்டுதலைப் பார்த்ததே இல்லை.

இரட்டை விஷ்போன் கொண்ட ஹோண்டாக்களில் மேல் ஆர்ம் பாடியில் இருக்கிறது, கீழ் ஆர்ம் இறங்குகிறது. அங்கே கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறும் விதமும் சேர்ந்து கெடும். கணக்கு வேறு, முடிவு அதேதான்.

இந்த வாதத்தை எந்த வொர்க்‌ஷாப்பில் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அலைன்மெண்ட் ஷீட்டை எடுத்து நீட்டுவார்கள். எல்லா எண்ணும் பச்சையில் இருக்கும். டோ சரி, கேம்பர் சரி, கேஸ்டர் சரி. உஸ்தாதே கையெழுத்துப் போட்ட மாதிரி அதைக் காட்டுவார்கள். இந்தப் பச்சைத் தாள்மீது எனக்கு இருக்கும் கோபம் நெடுநாளையது. அலைன்மெண்ட் இயந்திரம் நிற்கும் காரை அளக்கிறது. சமதளமான மேடையில், யாரும் உட்காராத காரில், சக்கரம் ஒரே உயரத்தில் இருக்கும்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறது. டை ராடின் மரையைத் திருகினால் எந்தக் கோணல் காரையும் அந்த ஒரு நிலையில் நேராக்கிவிடலாம். சக்கரம் ஐம்பது மில்லிமீட்டர் எழுந்தால் என்ன ஆகும், உடல் மூன்று டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும் என்று அந்த இயந்திரத்தை யாரும் கேட்கவில்லை, அதற்குப் பதில் சொல்லவும் தெரியாது. ஸ்பேசரால் வரும் கேடு முழுவதும் அசைவில் இருக்கிறது. அதற்கு மறுப்பாக அசையாத காரின் அளவைக் காட்டுவது வாதமே ஆகாது. கார் வாங்குகிறவர் அந்தத் தாளை நம்புகிறார். இரண்டாம் கையாக அந்தக் காரை வாங்கப்போகிறவரும் நம்புவார், அவருக்கு ஸ்பேசர் இருப்பதே தெரியாமல்.

இன்னொரு பதில் கொஞ்சம் நுட்பமானது. ஜீப், எஸ்யுவி உயர்த்துகிறவர்கள் சப்ஃபிரேமையும் டிஃபரன்ஷியலையும் ஸ்பேசர் வைத்து இறக்குவதில்லையா, உலகம் முழுக்க லிஃப்ட் கிட்டோடு விற்கிறார்களே என்பார்கள். விற்கிறார்கள், சரியாகவே விற்கிறார்கள். அங்கே ஸ்பிரிங்கை உயர்த்திப் பாடியை மேலே தூக்கியிருக்கிறார்கள். பாடியோடு சேர்ந்து உள்முனையும் மேலே போய் ஆர்ம் செங்குத்தாகச் சரிந்துவிட்டது. சப்ஃபிரேமை அதே அளவு கீழே இறக்கினால் ஆர்ம் பழைய கோணத்துக்குத் திரும்புகிறது. கெட்டுப்போன வடிவத்தைச் சரிசெய்ய அங்கே ஸ்பேசர் வருகிறது. இங்கே நன்றாக இருந்த வடிவத்தைக் கெடுக்க வருகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

உண்மையில் அந்த உதாரணம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது, அதைத்தான் யாரும் பிடித்துக்கொள்வதில்லை. இருபது மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டவர் ஸ்பிரிங்கையும் இருபது மில்லிமீட்டர் உயர்த்தினால் ஆர்மின் கோணம் பழையபடி ஆகும், தரை இடைவெளியும் திரும்பக் கிடைக்கும். பாடி உயர்ந்ததால் ஈர்ப்பு மையம் பதினான்கு மில்லிமீட்டர் போல ஏறும்; அறுபதோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை. ஆனால் அப்படிச் செய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பார்வைக்காக சஸ்பென்ஷனைப் பலிகொடுக்கிறோம் என்று நேராகச் சொன்னால் எனக்கு எழுத ஒன்றுமில்லை. கையாளுமை மேம்படுகிறது என்று சொல்லும்போதுதான் எழுதவேண்டியிருக்கிறது.

நீளமான பின் கொண்ட பால் ஜாயிண்ட் போடலாம், டை ராடு முனையையும் அதே அளவு இறக்கலாம். இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. பழைய காரின் பதின்மூன்று, பதினான்கு அங்குல ரிம்முக்குள் அந்த நீளப் பின்னுக்கு இடம் இருக்காது என்பதால் ரிம்மும் மாறவேண்டும். அப்போது ஸ்பேசரின் மலிவு போய்விடுகிறது. மலிவு போனபின் அதை ஏன் போடவேண்டும் என்ற கேள்வி வருகிறது, அதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

செய்யவேண்டியது இன்ஜினின் இருக்கையையும் ஆர்மின் சுழல்புள்ளியையும் தனித்தனியாகப் பார்ப்பது. இன்ஜினுக்கு இடம் வேண்டுமா, மவுண்டிங் பிராக்கெட்டை மாற்றுங்கள். சம்ப் இடிக்கிறதா, ஆழம் குறைந்த சம்ப் செய்யுங்கள். ஆயில் அளவு குறையாதபடி பக்கவாட்டில் அகட்டி, உள்ளே தடுப்பு வைத்துச் செய்ய இந்த ஊரில் ஆள் உண்டு. இன்ஜினைச் சில டிகிரி சாய்த்து வைக்கலாம். கடைசியாகப் பானெட் இருக்கிறது. அதில் ஒரு மேடு எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? சாலையைத் தொடாத தகடு அது. பானெட்டின் கோட்டைக் காப்பாற்றச் சக்கரத்தின் பாதையை வளைப்பதுதான் இன்று நடப்பது. இன்னும் வசதி உள்ளவர்கள், ஆர்ம் முனைகள் பழைய இடத்திலேயே இருக்க, இன்ஜின் உட்காரும் நடுப்பகுதி மட்டும் தாழ்ந்த புதிய சப்ஃபிரேமை ஜிக் வைத்து வெல்டு செய்யலாம். பாலாநகரின் திறமைக்கு ஏற்ற வேலை அது. ஒரு வளையத்தை அழகாகக் கடைய அந்தத் திறமையில் நூறில் ஒன்று போதும்.

நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி உண்டு. கோவையில் கரிவர்தன் மாருதி 800-இன் இன்ஜினை எடுத்துப் பந்தயக் கார்கள் செய்தபோது, கிடைத்த இன்ஜினுக்கு ஏற்ற சட்டகத்தைப் புதிதாக எழுப்பினார். இன்ஜின் சாதாரணமானது. சட்டகமும் சக்கரங்களின் வடிவமும் முதலில் வரையப்பட்டவை. ஒரு தலைமுறை இந்திய ஓட்டுநர்கள் சோழவரத்திலும், 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையிலும் அந்தக் கார்களில் பழகினார்கள். சின்ன இன்ஜினோடு சரியான வடிவம் என்ன தரும் என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய இன்ஜினோடு தப்பான வடிவம் என்ன தரும் என்று தெரிந்துகொள்ள ஓடுபாதைக்குப் போகவே வேண்டாம். 158 கிலோமீட்டர் நீளமுள்ள ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில், மணிக்கு 120 கிலோமீட்டர் அனுமதித்த தடத்தில், முன்னால் போகும் லாரி சட்டென்று விலகும்போது ஒரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பித் திரும்ப நேராக்கினால் போதும். முதல் திருப்பத்தில் எதுவும் தெரியாது. திரும்ப நேராக்கும்போது சேர்த்துவைத்த சாய்வெல்லாம் ஒரே நேரத்தில் மறுபக்கம் விழும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. இந்த வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நடக்கின்றன, செய்கிறவர்களுக்கும் தெரியும். அதனால் என்ன ஆகிறது என்றால், பரிசோதனைக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை, எந்த ஆய்வகமும் பார்ப்பதில்லை. செய்தவரின் நேர்மை ஒன்றே அந்தக் காரின் பரிசோதனைச் சாலை. சட்டத்தை மதித்து இயங்கும் ஒரு தொழிலைவிட இதில் அளந்து பார்க்கும் கடமை கூடுதல். நடப்பில் அது குறைவாக இருக்கிறது.

அளப்பதும் கடினமில்லை. முன் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பூட்டி, அதன் முன்முனையிலும் பின்முனையிலும் இரண்டு டயல் கேஜ் வையுங்கள். சக்கரத்தை ஜாக்கியால் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பேசர் இல்லாமல் ஒரு வரிசை, ஸ்பேசரோடு ஒரு வரிசை. பாலாநகரில் டயல் கேஜ் இல்லாத பட்டறை இல்லை. அரை நாள் வேலை. அடுத்த ஞாயிறு நெக்லஸ் ரோட்டில் பச்சைத் தாளுக்குப் பதில் இந்த இரண்டு வரிசைகளையும் யாராவது எடுத்து வந்தால், அவர் காருக்கு அடியில் நான் குனிந்து பார்க்கத் தயார்.